"முதலில் துப்பாக்கியைக் கீழே போடு, அப்புறம் பேசலாம்": இப்படி எங்கேயாவது நடந்திருக்கிறதா?

முத்தியால்பேட்டை செழியன் (இழையைத் தொடங்கியவர்)

2025 அக்டோபரில் மாவோயிஸ்ட் தலைவர் மல்லோஜுலா வேணுகோபால் ராவ் அறுபது பேரோடு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் வந்து ஆயுதத்தை ஒப்படைத்தார். அன்றிலிருந்து நம் குழுமத்தில் எந்த இழையைத் திறந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்: "முதலில் துப்பாக்கியைக் கீழே போடட்டும், அப்புறம் பேசலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடந்த கதைகளை எடுத்துப் பார்த்தால்தான் இடிக்கிறது.

வட அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே சண்டையை முடிக்கப் போட்ட புனித வெள்ளி ஒப்பந்தம் 1998 ஏப்ரல் 10இல் ஆனது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் எடுத்த ஐஆர்ஏ தன் ஆயுதங்களை முழுக்கச் செயலிழக்கச் செய்தது 2005 செப்டம்பரில்தான். ஒப்பந்தத்தில் இரண்டு வருஷக் கெடு இருந்தது. 2000 மே வந்தது, போனது, துப்பாக்கி அசையவில்லை. அதற்குள் சிறையிலிருந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், ஐஆர்ஏ பக்கத்துக் கட்சியான சின் ஃபெய்ன் அமைச்சரவையில் உட்கார்ந்துவிட்டது, பிறகு 2002இல் அந்த ஆட்சியே முடக்கப்பட்டது. கையெழுத்தாகி நாலே மாதத்தில் ஓமா நகரில் ஐஆர்ஏவிலிருந்து பிரிந்துபோன கோஷ்டி குண்டு வைத்து 29 பேரைக் கொன்றது. "அப்பவே சொன்னோமே" என்று எழுந்து போக எல்லாக் காரணமும் இருந்தது. போகவில்லை. 2007 மே மாதம், ஐஆர்ஏவில் தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸும் அவர்களை வாழ்நாளெல்லாம் எதிர்த்த இயன் பெய்ஸ்லியும் ஒரே ஆட்சியின் முதல் இரண்டு பதவிகளில் அமர்ந்தார்கள்.

அங்கே துப்பாக்கி முதலில் போகவில்லை, ஏறக்குறையக் கடைசியில்தான் போனது. மற்ற இடங்களில் எப்படி என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாவோயிஸ்ட் நல்லவரா கெட்டவரா என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

ஓ.டி. மீரான்

செழியன் தம்பி, வங்கியில் கடன் வசூல் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஈடு வாங்காமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அயர்லாந்து வரைக்கும் ஏன் போக வேண்டும்? 2004இல் ஆந்திராவில் ராஜசேகர ரெட்டி அரசு மக்கள் யுத்தக் குழு என்ற நக்சல் அமைப்போடு பேசியது. காட்டிலிருந்து ராமகிருஷ்ணா தலைமையில் ஆட்கள் வந்து, ஹைதராபாத்தில் மஞ்சீரா விருந்தினர் மாளிகையில் தங்கி, அக்டோபரில் நாலு நாள் பேசினார்கள். ஊருக்குள் வரும்போது துப்பாக்கியோடு வராதீர்கள் என்று அரசு கேட்டது. முடியாது என்றார்கள். அதே மாதம் இன்னொரு குழுவோடு இணைந்து சிபிஐ (மாவோயிஸ்ட்) ஆகிவிட்டோம் என்று அறிவித்தார்கள். 2005 ஜனவரியில் எல்லாம் முறிந்தது. போர்நிறுத்தத்தை வைத்து ஆள் சேர்த்தார்கள் என்றது போலீஸ். போலீஸ் எங்கள் தடத்தைத் தெரிந்துகொண்டது என்றார்கள் அவர்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அரசு என்று ஒன்று இருந்தால், துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு ஒரு நீதி, மனு எழுதிக்கொண்டு வரிசையில் நிற்கிறவனுக்கு ஒரு நீதி என்று இருக்கக் கூடாது. இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வில்லியனூர் கலா

மீரான் சார், நீங்கள் கேட்கிற ஈடு நேபாளத்தில் வாங்கப்பட்டது. எப்படி என்பதுதான் சுவாரசியம்.

2006 நவம்பர் 21இல் அரசுக்கும் மாவோயிஸ்டுகளுக்கும் ஒப்பந்தம். மாவோயிஸ்ட் படையினர் ஏழு பெரிய முகாம்களுக்கும் அவற்றைச் சேர்ந்த சின்ன முகாம்களுக்கும் வந்துவிட வேண்டும். துப்பாக்கிகளைப் பதிவு செய்து இரும்புக் கண்டெய்னருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி மாவோயிஸ்டுகளிடமே இருக்கும். ஆனால் ஐ.நா. ஆட்கள் காமிராவும் சைரனும் வைத்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு ஷரத்து பலருக்குத் தெரியாது: எத்தனை துப்பாக்கியை மாவோயிஸ்டுகள் பூட்டுகிறார்களோ, அதே எண்ணிக்கையை நேபாள ராணுவமும் தன் பாசறையில் பூட்டி வைக்க வேண்டும். அதுவும் ஐ.நா. கண்காணிப்பில்.

யாரும் யாரிடமும் சரணடையவில்லை, ஆனால் துப்பாக்கி தெருவில் இல்லை. 2008 ஏப்ரல் தேர்தலில் மாவோயிஸ்டுகள் நேரடியாகவும் விகிதாசாரத்திலும் சேர்த்து 220 இடம் பிடித்து முதல் கட்சியானார்கள். அவர்கள் தலைவர் பிரசண்டா பிரதமர் ஆனார்.

ஓ.டி. மீரான்

கலா அம்மா, அந்த 220ஐச் சொன்னீர்கள். 19,602ஐயும் 3,475ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். ஐ.நா. சரிபார்த்துப் பதிவு செய்த போராளிகள் 19,602 பேர். பூட்டிய துப்பாக்கி 3,475. மீதிப் பேர் கையில் என்ன, விளக்குமாறா?

2009இல் ஒரு வீடியோ வெளியே வந்தது. சக்திகோர் முகாமில் பிரசண்டா தன் ஆட்களிடம் பேசுகிறார்: நாம் உண்மையில் ஏழாயிரம், எட்டாயிரம் பேர்தான், கணக்கை ஏற்றிக் காட்டினோம் என்று. சிரித்துக்கொண்டே சொல்கிறார். இதுவா ஈடு?

முத்தியால்பேட்டை செழியன்

ஏமாற்றினார்கள், சரி. அப்புறம் என்ன ஆச்சு அண்ணே? அந்த வீடியோ வெளியான அதே மே மாதம் ராணுவத் தளபதியை நீக்கும் விவகாரத்தில் பிரசண்டா பதவி விலகினார். காட்டுக்குத் திரும்பிப் போக அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. கண்டெய்னர் சாவியும் அவர்கள் கையில்தான். பூட்டு திறக்கவில்லை. 2012 ஏப்ரலில் முகாம்களும் ஆயுதங்களும் நேபாள ராணுவத்தின் பொறுப்பில் போயின. போராளிகளில் பெரும்பாலானவர்கள் பதவிக்குத் தகுந்தபடி ஐந்து முதல் எட்டு லட்சம் நேபாள ரூபாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ராணுவத்தில் சேர்ந்தவர்கள் சுமார் 1,400 பேர்தான். 6,500 வரை சேர்க்கலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள், அவ்வளவு பேர் போகவே இல்லை.

கணக்கில் பொய் இருந்தது, போக்கில் இல்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

பாகூரான்

நல்ல இழை. படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனா ஒண்ணு, அந்த 19,602க்குள் வராத நாலாயிரம் பேரை யாரும் பேசவில்லை. சிறுவயதில் சேர்ந்தவர்கள், கடைசி நேரத்தில் சேர்ந்தவர்கள் என்று 4,008 பேரைத் தகுதியில்லை என்று 2010 தொடக்கத்தில் வெளியே அனுப்பினார்கள். அதில் பெரும்பகுதி சேர்ந்தபோது பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள். அவர்களுக்கு லட்சம் எல்லாம் கிடையாது.

தேவனாம்பட்டினம் ராஜி

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 2004 டிசம்பர் 26 பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதே அலை அடித்த இரண்டு இடங்களில் அப்போது உள்நாட்டுச் சண்டை இருந்தது. ஒன்று இந்தோனேசியாவின் ஆச்சே. இன்னொன்று இலங்கை.

ஆச்சேயில் எட்டு மாதம் கூட ஆகவில்லை, 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் கையெழுத்து. நடுவில் இருந்தவர் ஃபின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி ஆட்டிசாரி. சுதந்திர ஆச்சே இயக்கம் தனிநாட்டை விட்டுக்கொடுத்தது. ஜகார்த்தா சுயாட்சியைக் கொடுத்தது. 840 துப்பாக்கி ஒப்படைக்க வேண்டும், நாலு தவணையாக. அவர்கள் ஒரு தவணை கொடுத்தால், வெளியிலிருந்து கொண்டுவந்த ராணுவத்தில் ஒரு பகுதியை அரசு திருப்பி எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியானும் அனுப்பிய குழு பார்த்துக்கொண்டது. செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. மீரான் அண்ணன் கேட்கிற ஈடு இதுதான், ஆனால் இரண்டு பேரும் வைத்த ஈடு.

இர்வாண்டி யூசுஃப் என்று ஒருவர். அந்த இயக்கத்துக்காரர். அலை வந்த அன்று பண்டா ஆச்சே சிறையில் கைதி. சிறைக்குள் தண்ணீர் புகுந்தபோது தப்பித்தவர். இரண்டு வருஷத்தில், 2006 டிசம்பரில், தேர்தலில் ஜெயித்து ஆச்சே ஆளுநர் ஆனார். அங்கே ஆளுநரை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.

இலங்கையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரசும் புலிகளும் நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட ஒரு பொதுக் கட்டமைப்புக்கு 2005 ஜூனில் ஒப்பந்தம் போட்டார்கள். ஜூலையில் உச்ச நீதிமன்றம் முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டது. அதோடு சரி. கஞ்சி ஊற்றுவதற்கே சேர முடியாதவர்கள் ஆயுதத்தைப் பற்றி எங்கே பேசுவது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆச்சேயில் மறுவாழ்வு உதவிக்கு 3,000 போராளிகள் என்று கணக்கு வைத்தார்கள். முதலில் கொடுத்த பட்டியலில் பெண்கள் பெயரே இல்லை. அந்த இயக்கத்தில் பெண்கள் படை ஒன்று இருந்தது. சுனாமி நிவாரணப் பட்டியல் போட்டபோது எங்கள் ஊரில் விதவைகள் எப்படி அலைந்தார்கள் என்று பார்த்தவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஓ.டி. மீரான்

ராஜி தங்கச்சி, நல்லா எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 2003 மே மாதத்திலிருந்து ஆச்சேயில் ராணுவச் சட்டம் போட்டு அந்த இயக்கத்தை நொறுக்கியிருந்தார்கள். அடி வாங்கி ஓய்ந்த பிறகு வந்த சமாதானம் அது. அதையும் எழுத வேண்டும்.

தேவனாம்பட்டினம் ராஜி

ஓய்ந்தவர்களை அப்படியே முடித்துவிடுவோம் என்று ராணுவத்தில் சொன்னவர்களும் இருந்தார்கள் அண்ணே. முடிக்காமல் பேசினதுதான் செய்தி.

புத்துப்பட்டு வாசி

வணக்கம். கீழ்ப்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவன். இங்கே அதிகம் எழுதுவதில்லை.

அப்பா ஒரு இயக்கத்தில் இருந்தவர். பெரிய இயக்கம் இல்லை, பெயர் வேண்டாம். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி போர் நின்று 72 மணி நேரத்துக்குள் எல்லா இயக்கமும் ஆயுதத்தைக் கொடுத்துவிட வேண்டும். எழுபத்திரண்டு மணி நேரம்! அயர்லாந்தில் ஏழு வருஷம் என்று செழியன் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார்.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது இரண்டு அரசுகள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் யாரும் போடவில்லை. ஆகஸ்ட் 4 சுதுமலையில் புலிகளின் தலைவர் பேசியதன் சாரம், எங்கள் மக்களின் பாதுகாப்புப் பொறுப்பை இந்தியாவிடம் கொடுக்கிறோம் என்பது. மறுநாள் பலாலியில் கொஞ்சம் ஆயுதம் கொடுத்தார்கள். அக்டோபர் 5இல் இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த புலிகளில் குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிரண்டு பேர் சயனைடு கடித்துச் செத்தார்கள். 10ஆம் தேதி இந்தியப் படையோடு சண்டை. சமாதானம் பார்க்க வந்தவர் சண்டைக்காரர் ஆகிவிட்டார். இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்க அப்புறம் ஆள் இல்லை.

அப்பாவின் ஆட்கள் கொடுத்த ஆயுதம் திரும்பக் கிடைக்கவில்லை. ராணுவத்துக்குப் பயந்ததைவிட சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயந்துதான் 1990இல் படகேறினோம் என்பார். அந்த வருஷம் ஜூனில் இன்னொரு தமிழ் இயக்கமான ஈபிஆர்எல்எஃபின் தலைவர் பத்மநாபாவைக் கோடம்பாக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். தேர்தல் பாதைக்கு வந்த இயக்கத்தின் தலைவர், சென்னையில் இருந்தும் உயிர் தப்பவில்லை.

அதனால் மீரான் ஐயாவின் கேள்வி எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. ஆயுதத்தைப் போட்ட மறுநாள் காலையில் அவனை யார் காப்பாற்றுவது?

நெறியாளர்

ஒரு வார்த்தை. தடை செய்யப்பட்ட இயக்கங்களைப் பற்றிய வரலாற்றுப் பேச்சு தடையில்லை. ஆதரவுக் கோஷம், வசை, படங்கள் வேண்டாம். இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். புத்துப்பட்டு வாசியிடம் "எந்த இயக்கம்" என்று தனிச் செய்தியில் நச்சரிப்பவர்கள் உடனே நிறுத்துங்கள்.

வில்லியனூர் கலா

தம்பி கேட்டதுதான் கொலம்பியாவின் முழுக் கதையும்.

1985இல் அங்கே ஃபார்க் கெரில்லாக்கள் அரசோடு பேசி 'தேசபக்த ஒன்றியம்' என்று ஒரு கட்சி ஆரம்பித்தார்கள். அந்தக் கட்சிக்காரர்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். வேட்பாளர், கவுன்சிலர், எம்.பி. என்று பார்க்கவில்லை. அதில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2023இல் தீர்ப்புச் சொன்னது. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஃபார்க் மறுபடி நம்பி மேசைக்கு வர ஒரு தலைமுறை ஆனது. 2016இல் ஒப்பந்தம். பொதுவாக்கெடுப்பில் மயிரிழையில் தோற்றது, திருத்தி மறுபடி கையெழுத்து. 2017 ஜூனில் ஏழாயிரத்துக்கும் மேல் துப்பாக்கிகளை ஐ.நா. வாங்கிக்கொண்டது. மேலவையில் ஐந்து, கீழவையில் ஐந்து இடம் இரண்டு பதவிக்காலத்துக்கு உறுதி. ஓட்டு விழாவிட்டாலும் குரல் இருக்கட்டும் என்பதற்காக. உண்மையில் ஓட்டு விழவும் இல்லை!

அதே நாட்டில் எம்-19 என்ற இன்னொரு குழு 1990 மார்ச்சில் ஆயுதத்தைக் கொடுத்தது. ஏப்ரலில் அவர்களின் தலைவர் கார்லோஸ் பிசாரோவை ஓடும் விமானத்துக்குள் சுட்டுக் கொன்றார்கள், அவர் அதிபர் வேட்பாளராக இருக்கும்போதே. அந்தக் குழு திரும்பப் போகவில்லை. அதில் இருந்த குஸ்தாவோ பெட்ரோ 2022இல் அதிபர் ஆனார்.

சட்டக்காரியாக ஒன்று. கொலம்பியாவில் இதற்கென்றே தனி நீதி அமைப்பு வைத்தார்கள். செய்த குற்றத்தை முழுசாகச் சொல்லி ஒப்புக்கொண்டால் சிறைக்குப் பதில் வேறு வகைத் தண்டனை, மறைத்தால் சிறை. நம்மிடம் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தல் ஞாபகம் இருக்கிறதா? 2000ஆம் வருஷம் வீரப்பனிடம் தூது போனவர்களில் நெடுமாறன் ஐயா, பேராசிரியர் கல்யாணியோடு நம் புதுச்சேரி சுகுமாரனும் உண்டு. அங்கே கேட்கப்பட்டவற்றில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் பிடிபட்ட கைதிகளின் விடுதலையும் ஒன்று. இரண்டு மாநில அரசுகளும் வழக்கை வாபஸ் வாங்கத் தயாரானபோது உச்ச நீதிமன்றம் நவம்பரில் கூடாது என்றுவிட்டது. கோர்ட் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. பேசுகிறவர் கொடுக்கும் வாக்கைக் காப்பாற்றும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாகூரான்

நம்ம ஊர்க் கதை ஒன்று. கரடிக்குப்பத்தில் வ.வே.சு. ஐயர் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார், வாஞ்சிநாதன் அங்கே பழகியவர், 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் கொலை. அதே ஐயர் முதல் உலகப் போருக்குப் பிறகு வந்த பொது மன்னிப்பில் 1920இல் புதுச்சேரியிலிருந்து வெளியேறி, பத்திரிகை நடத்தி, காந்தி வழிக்கு வந்து, சேரன்மாதேவியில் குருகுலம் வைத்தார். வெள்ளைக்காரனே இதைச் செய்திருக்கிறான்.

ஓ.டி. மீரான்

வெள்ளைக்காரன் பாரதியை என்ன செய்தான் என்பதையும் எழுதுங்கள் பாகூர் சார். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் எங்கள் கடலூரில்தான் பிடித்துச் சிறையில் போட்டான். நிபந்தனை போட்டுத்தான் விட்டான். பாட்டு எழுதினவருக்கு நிபந்தனை, துப்பாக்கி சுடச் சொல்லிக்கொடுத்தவருக்கு மன்னிப்பு. நான் முதல் பதிவில் சொன்ன அதே அநியாயம்தான் இது.

பாகூரான்

😀 இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே.

சரி, இலங்கையின் சிங்கள இடதுசாரி இயக்கமான ஜேவிபியை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1971இல் ஒரு கிளர்ச்சி, 87 முதல் 89 வரை இன்னொன்று. யாரும் பேசிச் சமாதானம் செய்யவில்லை. அதன் தலைவர் விஜேவீரவைக் கொன்றார்கள், ஆயிரக்கணக்கில் இளைஞர்களைக் கொன்றார்கள். 1994இல் தேர்தலுக்கு வந்தார்கள், 2024இல் அவர்களின் தலைவர் அநுர குமார ஜனாதிபதி. ஒப்பந்தமே இல்லாமல் நடந்திருக்கிறதே.

புத்துப்பட்டு வாசி

ஜேவிபிக்கு நாடு முழுக்க ஓட்டு கேட்க வழி இருந்தது. முப்பது வருஷம் பொறுத்தால் பெரும்பான்மை வரலாம், வந்தது. தமிழ் இயக்கம் ஒன்று முந்நூறு வருஷம் பொறுத்தாலும் கொழும்பில் ஆட்சி பிடிக்க முடியாது, தலைக்கணக்கு அப்படி. சிறுபான்மையிடம் "தேர்தலுக்கு வா" என்றால், ஜெயிப்பதற்கு ஒரு இடத்தை முதலில் காட்ட வேண்டும்.

முத்தியால்பேட்டை செழியன்

தம்பி சொன்னது இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். ஆச்சேயில் அந்த இடம் மாகாண ஆட்சி. ஊர்க் கட்சி தொடங்கவே அங்கே சட்டம் இடம் தரவில்லை, 2006இல் தனிச் சட்டம் போட்டுத் திறந்துவிட்டார்கள். அயர்லாந்தில் அதிகாரப் பகிர்வு. நம் நாட்டில் மிசோரம்.

1966இல் எம்என்எஃப் என்ற மிசோ தேசிய முன்னணி ஆயுதம் எடுத்தது. அந்த மார்ச்சில் ஐஸ்வால் மீது நம் விமானப்படையே குண்டு போட்டது. இருபது வருஷம் கழித்து, 1986 ஜூன் 30இல் அதன் தலைவர் லால்டெங்காவோடு ஒப்பந்தம். அப்போது காங்கிரஸ் முதல்வராக இருந்த லால் தன்ஹாவ்லா நாற்காலியை விட்டு இறங்கி, துணை முதல்வராக உட்கார்ந்து, லால்டெங்காவை முதல்வர் ஆக்கினார். யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் ஒரு வார்டு கவுன்சிலர் இதைச் செய்வாரா? 1987 பிப்ரவரியில் மாநில அந்தஸ்து, தேர்தலில் எம்என்எஃப் 24 இடம். 88இல் கட்சி உடைந்து ஆட்சி போனது. 89இல் தேர்தலில் தோற்றார்கள். யாரும் காட்டுக்குப் போகவில்லை. 1998இல், காட்டில் இருந்து வந்த ஜோரம்தங்கா ஓட்டில் ஜெயித்து முதல்வர் ஆனார்.

ஜெயித்ததைவிட 89இல் தோற்றுவிட்டு வீட்டில் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஓ.டி. மீரான்

மிசோரம் சரி. நாகாலாந்து? நாகா இயக்கத்தோடு 1997இல் போர்நிறுத்தம், 2015 ஆகஸ்டில் கட்டமைப்பு ஒப்பந்தம், தனிக் கொடி, தனி அரசியல் சட்டம் என்ற இடத்தில் மாட்டிக்கொண்டது. அரசுத் தரப்பில் பேசிய ரவி அவர்கள் 2021இல் நமக்கு ஆளுநராக வந்து...

நெறியாளர்

மீரான் சார், ஆளுநருக்குத் தனி இழை இருக்கிறது. 140 பக்கம் ஓடுகிறது.

வில்லியனூர் கலா

மறுபடி மத்திய இந்தியக் காட்டுக்கு வருகிறேன். அங்கே புதிதாகப் பேசிக் கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். பழங்குடிப் பகுதி கிராம சபைகளுக்கு அதிகாரம் தரும் பெசா சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. வன உரிமைச் சட்டம் 2006. புத்துப்பட்டுத் தம்பி கேட்ட 'ஜெயிக்கிற இடம்' காகிதத்தில் தயாராக இருக்கிறது. சுரங்கத்துக்கு நிலம் கேட்கும்போது கிராம சபை வேண்டாம் என்றால் அந்தச் சொல் நிற்குமா என்பதுதான் மிச்சம். சரணடைந்தவர்கள் நாளைக்கு ஒரு பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றால், பழைய வழக்கைத் தூசு தட்டி உபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போடுவார்களா என்பதும்.

ஓ.டி. மீரான்

வாதத்துக்காக ஒத்துக்கொள்கிறேன், வரிசை முக்கியமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் யார் எண்ணுவது? அயர்லாந்தில் கனடாக்கார ஜெனரல் ஒருவர், கூடவே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு மெதடிஸ்ட் பாதிரியார். போட்டோ எடுக்கக் கூடாது என்று ஐஆர்ஏ அடம், போட்டோ வேண்டும் என்று பெய்ஸ்லி அடம். கடைசியில் அந்த இரண்டு சாமியார்களின் வாய்ச்சொல்லை நம்பினார்கள். நேபாளத்தில் ஐ.நா. நம் அரசு வெளியாள் யாரையும் உள்ளே விடாது, விடவும் கூடாது என்பது என் கட்சி. அப்போது யார்?

முத்தியால்பேட்டை செழியன்

மிசோரத்தில் தேவாலயங்கள் இருந்தன, இரண்டு பக்கமும் கேட்டார்கள். ஆந்திராவில் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் கூட்டிய குழு பல வருஷம் நடந்து நடந்துதான் 2004 பேச்சே சாத்தியமானது. 1987இல் அவரை நக்சல்கள் கடத்தியிருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் அவர்களோடு பேசலாம் என்று சொன்னவர். அந்த மாதிரி ஆள் இப்போது யார் என்று கேட்டால் எனக்குப் பெயர் தோன்றவில்லை அண்ணே. உங்களுக்கு?

ஓ.டி. மீரான்

ஓய்வுபெற்ற நீதிபதிகளில் இரண்டு பேர் மனசில் இருக்கிறார்கள். இங்கே எழுதினால் அவர்களுக்கு வீண் தொந்தரவு. தனிச் செய்தியில் அனுப்புகிறேன். ஆனால் சாவி மட்டும் அரசிடம்தான்.

புத்துப்பட்டு வாசி

இரண்டு சாவி போடலாமே ஐயா.